நிமிர்ந்து நின்ற அவரைக்கொட்டை

ஆட்டப் பாயில் அவரைக்கொட்டைகளை உருட்டுவது மனிதக் கையல்ல, சூதாட்டத்துக்குரிய ஐந்துமலர்த் தேவனின் திருக்கரம் என்பது ஏரிநகரமே ஒப்புக்கொண்ட பேருண்மை. அந்தத் திருக்கரத்துக்குக் கொஞ்சம் பிசினும் தேவைப்பட்டது என்பது தொச்சினுக்கு மட்டும்தான் தெரியும்.

உருட்டிய கொட்டை படுக்காமல் விளிம்பில் நின்றுவிட்டால் பந்தயம் அத்தனையும் உருட்டியவனுக்கு. எட்டு நாளுக்கு முன் தொச்சின் உருட்டியது அப்படித்தான் நின்றது. போர்வையையும் வீட்டையும் தோற்றுவிட்டு, கடைசியில் தன்னையே பந்தயம் வைத்திருந்தான் மச்சான் மாசாட். அவன் கழுத்தில் மரச்சட்டத்தை மாட்டி, தொச்சின் அடிமை வியாபாரியிடம் விற்றுவிட்டான். அன்று முதல் தெருவில் எல்லோரும் இவனுக்கு வழிவிட்டார்கள். கட்டைவிரல் பிசின் எவ்வளவு தேய்த்தும் போகாததால் வலக்கையைப் போர்வைக்குள் மறைத்தே நடந்தான். தேவன் தொட்ட கை என்று இளவட்டங்களும் அப்படியே நடந்தார்கள்.

இன்று வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், சமைப்பதற்காக மனைவி ஷோகோ பாயில் கொட்டிய அவரையில் ஒன்று விளிம்பில் நின்றது.

தொச்சின் தட்டிவிட்டான். வேறொன்று எழுந்தது.

ஷோகோ அதைக் கவனிக்கவில்லை. கல் பொறுக்கிக்கொண்டே, "உச்சிப்பொழுதுக்கு அண்ணனை ஏத்திக்கிட்டுப் படகு கிளம்புதாம்," என்றாள். "தேவன்தான் நிறுத்தினாருன்னா நான் என்ன சொல்லப்போறேன். நீங்க ஏதாச்சும் செஞ்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஆளைத் திருப்பி விட்டுடுவாங்க."

கொல்லைக் கால்வாயில் துடுப்பு விழும் சத்தம். சேற்று வாடை, சோள ரொட்டி தீயும் வாடை, இரண்டுக்கும் அடியில் மெல்ல மெல்ல, கோயிலில் ஏற்றும் பிசின் புகையின் வாடை, இங்கே யாரும் ஏற்றாமலே. ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு யார் வழிவிடுவார்கள்?

வாசலில் பக்கத்து வீட்டுக்காரன், கக்கத்தில் ஆட்டப் பாயோடு. "தேவனுக்கு வேண்டப்பட்டவரே, ஒரு ஆட்டம் போடலாமா? எங்கிட்ட விக்கிறதுக்கு மச்சான்கூடக் கிடையாது, பயப்படாம உருட்டலாம்."

தொச்சின் கனைத்துக்கொண்டான். "தேவன்தான் நிறுத்தினாரு," என்றான், மனைவியைப் பார்க்காமல்.

கோயிலில் சங்கு ஊதினார்கள். உச்சிப்பொழுது.

சலசலப்பு. பாயில். பிறகு அடுப்புப் பானைக்குள். ஒவ்வொன்றாக, பிறகு எல்லாமாக. நின்றன. சமையல் கொட்டைகளில் இருக்கவே கூடாத வெள்ளைப் புள்ளி, ஆட்டக்கொட்டையின் புள்ளி, ஒவ்வொன்றிலும். கண்போல. அவன் பக்கமே.

வலக்கையால் வாரித் தள்ளினான். சாயவில்லை. மறுபடியும். சாயவில்லை.

வெளியே படகு நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பாயை நழுவவிட்டான். ஷோகோ கொட்டைகளைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

கட்டைவிரலில் ஒரு கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.