ஒளிந்து குடித்த கஞ்சி

"எங்கம்மாவ போலீசு இட்டுக்கினு போப்போறாங்கம்மா!" என்று கள்ளக்குறிச்சியில் வழக்கறிஞர் ஜெயசுதாவின் வாசலில் வந்து நின்றாள் கலையரசி. கல்வராயன் மலையில், புலன்களைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி மாயவன் நடத்தும் புலன் விழிப்பு முகாமில் அவள் தாய் இருசம்மாள் சமையல் செய்பவள். அன்று காலைக் கஞ்சிக்குப் பின் விருந்தினர்களுக்கு இலைகள் மூச்சுவிட்டன; நிறங்கள் அசைந்தன. சரத்குமார் என்பவர் பள்ளத்தைச் சமதரையென்று நம்பிக் கால்வைத்து இடுப்பை முறித்துக்கொண்டார். போதைக் காளான் என்றார் மருத்துவர். கஞ்சியில் கலந்தவள் இருசம்மாள் என்றார் மாயவன்.

ஜெயசுதாவிடம் உதவியாளராக இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டு நாராயணசாமி அவரை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார். வழிநெடுக அவர் சந்தேகமும் இருசம்மாள்மீதுதான். ஏழையைச் சந்தேகிப்பது இந்த நாட்டில் எவ்வளவு எளிது!

காவல் ஆய்வாளர் முன்பே வந்திருந்தார். மலையில் மூடுபனி. ஆயினும் மாயவன் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். "நான் தேநீர்கூடத் தொடுவதில்லை" என்றார். "விடியலில் ஆளுக்கொரு கரண்டி தேன் என் கையால் கொடுப்பேன். பிறகு இவள் கஞ்சி."

"இன்னாம்மா கலந்த?" என்று அதட்டினார் நாராயணசாமி.

"ஒண்ணும் கலக்கலைங்க." இருசம்மாள் தலை நிமிரவில்லை.

"எதையோ மறைக்கிறாம்மா!" என்று கிசுகிசுத்தார் அவர்.

முகாம் மேலாளர் தேவிப்ரியா சீறினாள். "மறைக்காம? பரிமாறுறதுக்கு முன்னாடி பானையிலேர்ந்து ஒரு சொம்பு மொண்டு குடிச்சா, நானே பார்த்தேன்! எச்சில் பண்ணாதேன்னா கேட்டாத்தானே!"

"எங்க வூட்டு வழக்கங்க. வெளியூரு சனத்துக்கு ஊத்துறப்ப கெடுதல் இல்லன்னு மொதல்ல நாங்க குடிக்கணும். திட்டுவாங்கன்னு ஒளிஞ்சி குடிச்சேன்" என்று விம்மினாள் இருசம்மாள்.

ஜெயசுதா புன்னகைத்தார். "நீங்களும் கஞ்சி குடித்தீர்களா, தேவிப்ரியா?"

"குடிச்சேன். சர்க்கரை நோய், தேன் மட்டும் தொடல."

"ஆய்வாளரே, அடிபட்டவரைப் பாறைவழியே தூக்கிவந்தது யார்?"

"இந்த இருசம்மாவும் நானுந்தான். இவ கால் கொஞ்சமும் தடுமாறலையே!"

ஜெயசுதா ஒரு தட்டைத் தரையில் போட்டார். மாயவன் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு துள்ளினார்.

"கஞ்சி மட்டும் குடித்த இருவரும் நலம். தேனும் குடித்தவர்கள் மதிமயங்கினார்கள். பனியிலும் உங்கள் கண் கூசுகிறது. தட்டின் ஓசை இடியாகிறது. கண்ணாடியைக் கழற்றுங்கள், மாயவன்."

கழற்றினார். கருமணிகள் கண் முழுக்க விரிந்திருந்தன.

"தேனில் துளியளவுதான் காளான் கலப்பேன், நானும் குடிப்பேன்! நிறம் பளிச்சிடும், ஓசை துலங்கும். இன்று கை தவறிவிட்டது..."

"கை தவறியது, பழியைத் தெரிந்தே சுமத்தினீர்கள். இத்தனை கூர்மையான புலன்களுக்கு, எதிரில் நிற்பவள் மனுஷி என்பது புலப்படவில்லையே!"

ஆய்வாளர் மாயவனின் தோளைப் பற்றினார். அடுப்பில் புதுக்கஞ்சி கொதித்தது. "எனக்கும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கூச்சத்தோடு கைநீட்டினார் நாராயணசாமி.

இருசம்மாள் ஒரு சொம்பு மொண்டாள். எல்லோர் கண்ணெதிரிலும், முதலில் தான் குடித்தாள்.