எதிரொலிக் குமிழ்

ஒலிபெருக்கிப் பெட்டியின் எதிரொலிக் குமிழை முழுக்கக் குறைத்த பிறகும் கிட்டாரின் ஓசை அறையை விட்டுப் போகவில்லை. கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு செபஸ்தியான் காத்திருந்தார். ஓசை எங்கோ ஒரு சுவரில் மோதி, எதிர்ச்சுவரில் மோதி, கீழே கீழே இறங்கி, தண்ணீரில் விழுந்ததுபோல் அடங்கியது.

மறுநாள் காலை திண்டிவனம் கோயிலில் மகள் எலிசாவுக்குத் திருமணத் திருப்பலி. மூன்று தலைமுறையாகப் பாடற்குழுவில் அவர் குடும்பத்துக் கைதான் வாசித்தது. மகள் கல்யாணத்துக்குக் கூலிக்கு ஆள் வைப்பதா? எலிசாவைத் தவிர வீட்டார் எல்லாரும் கோயிலை ஜோடிக்கப் போயிருந்த அந்தி நேரத்தில், மல்லிகையும் புதுச் சுண்ணாம்பும் மணக்கும் முன்னறையில் உட்கார்ந்து, பலவகை ஆம்ப் ஒலிபெருக்கிகளின் குரலையும் பல இடங்களின் எதிரொலியையும் அப்படியே எடுத்துக்காட்டும் அந்தக் கறுப்புப் பெட்டியில் நல்ல தொனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டி அஸ்வினுடையது. எலிசாவோடு ஓடிப்போக இருந்தவன். போன வருஷம், விக்கிரவாண்டிக்கு அப்பால் வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், செபஸ்தியான்தான் அவனைக் கிணற்றில் தள்ளினார். நீச்சல் தெரியாதவன். அவன் கூப்பாடு ஓயும்வரை மோட்டார் கொட்டகைப் படியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பையன் துபாய்க்குப் போய்விட்டான் என்று ஊர் நம்பியது. குடும்ப மானம் நின்றது. அவன் எலிசாவிடம் விட்டிருந்த பெட்டியைத் தூக்கி எறிந்தால் கேள்வி வரும் என்று வீட்டிலேயே இருக்கவிட்டார்.

இந்த எதிரொலியை அவர் கேட்டிருக்கிறார். அவர் மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"எலிசா! இன்னா வந்துச்சு இந்தப் பெட்டிக்கு? நிறுத்தினப்புறமும் பேசிக்கினு இருக்குது."

மருதாணிக் கையோடு எலிசா வந்தாள். "நீங்க திருகினா கொட்டாவி வுட்ற மாதிரிதான் கேக்கும். நவுருங்கப்பா, நான் செட் பண்றேன்."

"கிட்டாரு?"

"இதுக்கு வேணாம்."

பெட்டியின் முன் சம்மணமிட்டாள். அடித்தொனிக்கான பேஸைக் குறைத்தாள், தண்ணீரின் தளும்பல் விலகியது. கீச்சுத்தொனிக்கான ட்ரெபிளைக் கூட்டினாள், கருங்கல்லை நகங்கள் பிறாண்டின. பாசி நாற்றம் மல்லிகையை மூடியது.

"மிட்ட, இந்த நடுக் குமிழ, ஏத்தணும்ப்பா. அப்பதான் குரல் முன்னாடி வரும்."

"யார் குரல்?"

ஏற்றினாள்.

"மாமா... கை குடுங்க மாமா..."

அதே சொற்கள். அதே இழுப்பு.

"நிறுத்துடி! நாளைக்குக் கல்யாணம்டி! மானம் போயிடும்டி!"

"தெரியும்ப்பா. எல்லாத்தையும் அவரே இந்தப் பெட்டியில சொல்லிட்டாரு. மாப்பிள்ளையத்தான் வரச் சொல்லிக்கினு இருக்கேன்."

அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

குரல் அணையவில்லை.

பக்கத்தில் வந்தது.

ஸ்பீக்கர் துணி நனைந்து கறுத்தது. உள்ளிருந்து புடைத்தது. ஒரு விரல். இன்னொன்று. துணி கிழிந்தது. வெளுத்து ஊறிய கை.

எலிசா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண் பெட்டியைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடுங்கப்பா. எவ்ளோ நேரமா கேக்குறாரு."

சில்லென்று விரல்கள் மூடின. இழுத்தன. முழங்கை போனது. முழம்கூட ஆழமில்லாத பெட்டிக்குள், தோள்வரை போனது. கன்னம் கிழிந்த துணியில் அழுந்தியது.

அவர் விரல்நுனிக்கு, வெகு கீழே, தண்ணீர் தட்டுப்பட்டது.