எலி நுழையாத அடுக்கு

கொழிஞ்சாம்பாறைக்கும் கடலுக்கும் அரைநாள் ரயில் தூரம். ஆனால் அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் காளிச்சாமி நுழைந்தபோது, உமியும் புழுதியும் மணக்க வேண்டிய இடத்தில் உப்பும் பாசியும் கலந்த ஈரவாடை மூக்கைத் துளைத்தது. காலடியில் ஏதோ நறநறத்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். கடற்கரை மணல்.

நாலு மாதத்துக்கு முன், ஜெர்மன் கப்பல் மதராஸில் குண்டு போட்ட கலக்கத்தில், மேற்குக் கரைப் பட்டணம் ஒன்றில் மணல் மூட்டைகளால் அரண் கட்டினார்கள். மூட்டை அடுக்குவதில் சூரர்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களை அழைத்துப் போனார்கள். காளிச்சாமியும் தம்பி ரத்தினசாமியும் போனார்கள். எலி நுழையக்கூட இடம் விடாமல் அடுக்குவது அவர்கள் குடும்பத்துக் கைவாகு. வைத்த மூட்டையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, முஷ்டியால் ஒரு குத்து. அப்போதுதான் அது இறுகும்.

ஒருநாள் "கப்பல், கப்பல்!" என்று கூச்சல் கிளம்பியது. கப்பல் வந்தால் அடைக்கச் சொல்லியிருந்த பதுங்குகுழியின் வாயை, உள்ளே ஆள் உண்டா என்று பாராமல், அதே கைவாகில் அடைத்தார் காளிச்சாமி. உள்ளிருந்து கேட்டது. இரண்டு தட்டு, ஒரு குத்து. தம்பி என்று தெரிந்தும் ஓடிவிட்டார் பாவி மனிதர். வந்ததோ வெறும் மீன் தோணி. திரும்பி வந்து பிரித்தபோது தம்பிக்கு மூச்சில்லை.

தம்பி மனைவி மருதாத்தாளிடம், "அடுத்த மாசம் வந்துருவான்" என்று சொல்லிவைத்திருந்தார். அவள் தினமும் இலை போட்டுக் காத்திருந்தாள்.

இப்போது விளக்கோடு வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் களத்தில் இன்னும் பத்து மூட்டை இறங்கிக் கிடந்தது.

"ஏனுங்க மாமா, அவரு வந்துட்டாருங்களா? மூட்டை தட்டற சத்தம் கேக்குதுங்க."

தப். தப். டொம்.

அடுக்குக்குப் பின்னாலிருந்து. அங்கே வெறும் சுவர்தான்.

காளிச்சாமி அவள் பக்கம் திரும்பினார். இனி மறைக்க முடியாது.

"அவன் வரமாட்டான் புள்ள. நாந்தான் அவனை உள்ள வெச்சு அடைச்சுப்போட்டேன். தட்டுனான். கேட்டுட்டே ஓடியாந்துட்டேன்."

சத்தம் நின்றது.

மருதாத்தாள் அழவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் களத்துப் பக்கம் நகர்ந்தாள்.

வாசலில் ஒரு மூட்டை வந்து விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

"மருதாத்தா! வேண்டாம் புள்ள!"

ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. முழங்கால் வரை மணல். ஈர மணல்.

மூன்று. நான்கு. வெளிச்சம் சுருங்கியது.

கடைசி இடுக்கு வழியே பார்த்தார். மேல் மூட்டையைத் தூக்கி வைத்தவை நான்கு கைகள். இரண்டில் வளையல். இரண்டில் ஈர மணல்.

தப். தப். டொம்.