கண்ணாடி துடைக்கும் கை

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கூடத்தைத் திறந்ததும் எலிப்புழுக்கை நாற்றமும் ஈரச்சுவர் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். வல்லூறுகள் முட்டையிட வரும் காலத்தில் திறந்து, குஞ்சுகள் பறந்ததும் மூடிவிடுகிற பார்வை நிலையம் எங்களுடையது. மற்ற மாதங்களில் அதை எலிகள் நடத்துகின்றன.

முன்பு நாங்கள் மூன்று பேர். பெரிய அண்ணன் கயிற்றில் பாறைக்கு இறங்குபவன். சின்ன அண்ணன் உச்சியில் நின்று அவனுக்குக் கயிறு பிடிப்பவன். ஒயர், திரை, ஸ்பீக்கர் எல்லாம்கூட அவன் பொறுப்பு. வாய் வேலை என்னுடையது. டிக்கெட் கிழிப்பது, தேநீர் இயந்திரத்தைத் தட்டி ஓடவைப்பது, "ஷோ எத்தன மணிக்கு?" என்று கேட்பவர்களிடம், "பறவைகிட்ட டைம்டேபிள் குடுத்தாச்சு சார், அதுதான் படிக்க மாட்டேங்குது" என்று சொல்வது.

ஏரிக்கு அக்கரையில் செங்குத்தான பாறை. அதன் நடுவே அலமாரிப் பலகைபோல நீட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில் கூடு. கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கேமராவும் மைக்கும் வைத்திருந்தோம். கூடத்துத் திரையில் கூட்டைப் பார்க்கலாம். வெளியே மேடையில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் பாறை முழுவதையும் பார்க்கலாம்.

கேமராக் கண்ணாடியில் எச்சமும் புழுதியும் படியும். குஞ்சுகள் பறந்த பிறகு பெரிய அண்ணன் இறங்கித் துடைப்பான். துடைத்து முடித்ததும் விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுவான். டொக், டொக். கூடத்து ஸ்பீக்கரில் கேட்கும். முடிஞ்சது, பாரு என்று எனக்குச் சொல்வதாக அர்த்தம்.

அதற்கு முந்தின வருடம் அந்த இரண்டு தட்டு கேட்டது. அதற்குப் பிறகு சின்ன அண்ணன் கையில் இருந்த கயிறு திடீரென்று லேசானது. இழுத்துப் பார்த்தான். இடுப்புப் பட்டை மட்டும் மேலே வந்தது. கொக்கி பூட்டியபடியே இருந்தது. ஏரியில் ஒரு வாரம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கயிறு லேசான அந்தக் கணத்தை சின்ன அண்ணனின் கை மறக்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். "கடைய மூடிடலாம்ணா" என்று நான் கெஞ்சினேன். "அவன் ஆரம்பிச்சது" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டேன். பாறையில் அவன் இறங்கக்கூடாது. எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

திறந்த அன்று நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமான கறுப்பு டேப் கடையில் இல்லை என்று வாங்கி வந்திருந்த புது நீல டேப்பால் அவன் ஒயர்களைச் சுற்றி முடித்து, திரையின் சுவிட்சைப் போட்டான்.

ஒரு வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்த கேமரா. கலங்கலாக ஏதாவது தெரிந்தாலே அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தோம்.

படம் பளிச்சென்று இருந்தது. பாறையின் ஒவ்வொரு பொருக்கும் தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில், துணி போய்வந்த ஈரக்கோடு இன்னும் காயாமல் இருந்தது.

"மழை கழுவியிருக்கும்" என்றேன்.

மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது.

பறவைகள் வந்தன. பெட்டை முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தது. கூட்டமும் வந்தது. புழுதிக் காற்று அடிக்கும், கண்ணாடி மங்கும். மறுநாள் காலையில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், கழுத்து ஒடியும் அளவுக்குக் கேமரா மாட்டிக்கொண்டு வருபவர், "உங்க ஆளு நல்லா மெயின்டைன் பண்றாரும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். நான் பல்லைக் காட்டி வைத்தேன். எங்களுக்கு அப்படி ஆள் யாரும் இல்லை. கூட்டில் முட்டை இருக்கும்போது நூறு அடிக்கு அப்பால் காக்கை பறந்தாலே அந்தப் பெட்டை கத்திக் கூப்பாடு போடும். மனிதன் போனால் கூட்டையே விட்டுவிடும்.

ஒரு பிற்பகல் ஏரியிலிருந்து பனிப்புகை எழுந்து பாறையைத் தொட்டது. பார்வையாளர்கள் யாரும் இல்லை. நான் வெளியே தொலைநோக்கிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் துணி உரசும் சத்தம் கேட்டது.

"ஏய் வாயாடி." சின்ன அண்ணனின் குரல் கூடத்துக்குள்ளிருந்து வந்தது. மெல்லிய குரல். "தொலைநோக்கில பாறையப் பாரு. யார் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். புகைக்கு நடுவே பாறை தெரிந்தது. இடுக்கு, கூடு, பெட்டையின் முதுகு. கயிறு இல்லை. ஆள் இல்லை.

"யாருமில்லண்ணா."

"நல்லாப் பாரு."

"ஈ காக்கா இல்ல. ஏன்?"

"இங்க ஒரு கை தெரியுது."

ஓடினேன். திரை முழுக்க வெள்ளையாக மங்கியிருக்க, அதன் நடுவே ஒரு கை வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. ஆண் கை. கட்டைவிரலில் ஏதோ சுற்றியிருந்தது. துடைத்த இடத்தின் வழியே கூடு தெரிந்தது. அந்தக் கை பெட்டையின் சிறகை உரசுவதுபோல அருகே போய்வந்தது. அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

டொக், டொக்.

கை விலகியது.

சின்ன அண்ணன் அழுதான். பயந்து அழவில்லை.

"பாத்தியா? விரல்ல கட்டு. எப்பவும் எதையாவது கீறிக்கிட்டு வந்து நிப்பானே. அவனேதான்."

பெரிய அண்ணன் விரலில் எப்போதும் ஒரு டேப் கட்டு இருக்கும் என்பது உண்மை. அதனால் நானும் நம்பினேன். கட்டின் நிறத்தைக் கண் பார்த்தது. புத்தி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் திரையை விட்டு நகரவில்லை. குஞ்சு பொரித்தது, இறகு முளைத்தது. பார்வையாளர்கள் குஞ்சுகளைப் பார்த்தார்கள், அவன் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தான். மங்கினால் முகம் மலர்ந்துவிடும். துடைக்க வருவான் இல்லையா?

பிறகு அது நின்றது.

ஒரு குஞ்சு பீய்ச்சியடித்த எச்சம் கண்ணாடியின் குறுக்கே வழிந்து காய்ந்தது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் அதன்மேல் புழுதி ஒட்டிக்கொண்டது. தட்டுச் சத்தம் இல்லை. ஸ்பீக்கரில் காற்று மட்டும் இரைந்தது.

"அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றான்.

"அண்ணா, அவன் செத்து வருஷமாச்சு." இப்படிச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன். "இனி அவனுக்கு என்ன ஆகப்போகுது?"

"போன தடவ நான்தான் கயிறு பிடிச்சேன்" என்றான். வேறு எதற்கோ பதில் சொல்வதுபோல இருந்தது.

உச்சிக்குப் போகும் கேட்டின் சாவியை எடுத்து என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். கயிற்றுப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். குழந்தையிடமிருந்து தீப்பெட்டியை ஒளிப்பதுபோல ஒளித்தேன்.

குஞ்சுகள் பறந்த மறுநாள், நல்ல வெயில். மூடுவதற்குமுன் கடைசி நாள் என்று கூடம் நிறையக் கூட்டம். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"வாயாடி, கோச்சுக்காத. பரண்லேர்ந்து கயித்த எடுத்துட்டு, கேட்ட ஏறிக் குதிச்சுட்டேன். குஞ்சுங்க போயிடுச்சுல்ல. ஒரே ஒரு தடவ தொடச்சுட்டு வந்துடறேன்."

கோப்பையைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன். தொலைநோக்கியில் தெரிந்தான். உச்சி மரத்தில் கயிற்றைக் கட்டி, பிடிக்க ஆளில்லாமல், தனியாகப் பாறையில் கால் ஊன்றிச் சறுக்கிக்கொண்டிருந்தான். இடுக்குக்குச் சற்று மேலே நின்றான்.

"ஏறு. இப்பவே மேல ஏறு. சத்தியம் பண்ணுனியே!"

"இதோ, கை எட்டற தூரம்தான். கத்தாத, கூட்டம் பயந்துக்கும்." மூச்சு வாங்கினான். குரலில் சிரிப்பு இருந்தது. "கொக்கி மாட்டறப்ப கட்டைவிரலக் கீறிடுச்சு. அண்ணன் மாதிரியே ஆயிட்டேன் பாரு. டேப்பு சுத்தியிருக்கேன்."

தொலைநோக்கியை அவன் கட்டைவிரல் பக்கம் திருப்பினேன்.

"என்ன டேப்பு?"

"என்ன?"

"என்ன கலருண்ணா?"

"நீலம்தான். வேற ஏது நம்மகிட்ட?"

பெரிய அண்ணன் உயிரோடு இருந்தவரை எங்களிடம் இருந்ததெல்லாம் கறுப்பு டேப்.

திரையில் பார்த்த கட்டு நீலம்.

பெரிய அண்ணனின் கை இல்லை அது.

"அண்ணா, அந்தக் கண்ணாடியத் தொடாத. அது உன் கை. நாம பாத்தது உன் கைய! கேக்குதா?"

கேட்டதா என்று தெரியவில்லை. வாக்கி டாக்கியில் துணி உரசும் சத்தம் வந்தது. கூடத்து ஸ்பீக்கரிலும் அதே சத்தம் வந்தது. அவ்வளவு நேரமும் கலங்கிக் கிடந்த படம் தெளியத் தெளிய உள்ளே கூட்டம் ஆரவாரம் செய்தது. என் முதுகுக்குப் பின்னால் கைதட்டினார்கள். நான் இங்கே, அவன் அங்கே, நடுவில் ஓர் ஏரி. தொலைநோக்கியில் அவன் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. கையை நீட்டி ஒன்றும் செய்ய முடியவில்லை.

டொக், டொக்.

கண் இமைத்தேன். அவ்வளவுதான்.

கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இடுப்புப் பட்டை பூட்டியபடியே தொங்கியது. ஏரியில் ஓர் அலைகூட எழவில்லை.

"ஆளு எங்க போனாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

மறுபடி தேடினார்கள். மறுபடி கிடைக்கவில்லை. ஊரைவிட்டே போய்விடு என்று எல்லாரும் சொன்னார்கள். போக இடம் இல்லாமல் இல்லை. அண்ணன்கள் இரண்டு பேரையும் அங்கே விட்டுவிட்டு எனக்கு எங்கே கால் நகரும்? இந்த வருடமும் திறந்தேன். கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. ஒயரை நானே வெட்டினேன்.

அப்படியும் திரை ஒளிர்ந்தது. படம் பளிச்சென்று இருந்தது.

சில நாட்கள் கழித்து ஒரு கை துடைத்தது. மெலிந்த, வளையல் போட்ட கை. மணிக்கட்டுக்கு மேலே, பிறைபோல ஒரு தீக்காயம். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையல் இருந்தது. காயம் இல்லை. அன்றே தேநீர் இயந்திரத்தை மூலையில் தள்ளிச் சாக்கால் மூடினேன். அடுப்புப் பக்கம் போவதையும் விட்டேன். கடையில் ரொட்டி வாங்கித் தின்றேன்.

நேற்று முன்தினம் முதல் கண்ணாடி அழுக்காக இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை.

இன்று காலை பார்வையாளர் ஒருவர் கொதிக்கக் கொதிக்க ஒரு ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தார். கூட்டத்தில் யாரோ அவர் தோளில் இடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவர் பாவம், பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தோல் பிறைபோலச் சிவந்து எழும்பியது.

எனக்குக் கயிறு கட்டத் தெரியாது. அண்ணன்கள் சொல்லிக்கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. மறுபடி பரண்மேல் போட்டு வைத்திருந்த பையை எப்போது இறக்கினேன் என்று நினைவில்லை. மடியில் கயிறு இருக்கிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் விரல்கள் பெரிய அண்ணன் போடும் அதே முடிச்சைப் போட்டு முடித்து, இழுத்து இறுக்கிப் பார்க்கின்றன.