பின் இருக்கையின் பாரம்

டிக்கியைக் காலி செய்த பிறகும் கார் எழும்பவில்லை. ஸ்டெப்னி, குடைகள், பழைய செய்தித்தாள் கட்டு, அவள் எப்போதோ வாங்கி மறந்துபோன பூந்தொட்டி மண் மூட்டை என்று எல்லாவற்றையும் இறக்கித் தூணோரம் அடுக்கியாகிவிட்டது. ஆனாலும் காரின் இடது பின்மூலை முன்பைவிட இன்னும் கொஞ்சம் அமுங்கியிருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது.

"பாரத்த இறக்கினா வண்டி தூக்கணும்ல? இது இறங்குதேங்க."

"நேத்து பள்ளத்துல விட்ட கோபம் அதுக்கு இன்னும் தீரல போல," என்றான் அவள் கணவன், கையைத் தட்டிக்கொண்டே.

மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளம் அது. இடது பின்சக்கரம் உள்ளே இறங்கி ஏறியபோது ஸ்பிரிங் உடைந்துவிட்டது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்கள். இப்போது காரை இழுத்துப்போக டோயிங் வண்டி வாசலில் நிற்கிறது. ஆனால் அதன் உயரத்துக்கு அபார்ட்மென்ட்டின் இந்த பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் நுழைய முடியாது. சரிவின் உச்சிவரை காரை இவர்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

மெக்கானிக் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "நடக்கிற வேகத்துக்கு மேல போகாதீங்க மேடம். ஸ்டியரிங்க முழுசா ஒடிக்காதீங்க. பின்னாடி ஆள் யாரும் உக்காரக் கூடாது. பாரம் ஏறினா டயர் மேல போய் உரசும், உரசிக்கிட்டே போனா வெடிச்சிடும். ஒருத்தர் கூடவே நடந்து டயரப் பாத்துக்கிட்டு வரட்டும்."

"நான் ஓட்டுறேன், நீ நட," என்றான் அவன்.

"வேணாம் சாமி. நீங்க ஓட்டினா ஸ்பிரிங்கோட சேத்து தூணும் போயிடும்."

"உத்தரவு மகாராணி."

சிரித்தபடிதான் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் டயர் வெடித்தால் அதன் பக்கத்திலேயே நடந்துவரும் அவன்மேல்தான் அடி விழும் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

கார் ஊர்ந்தது. ஈரச் சிமெண்ட் வாடையும், தேங்கிய எண்ணெயின் நாற்றமும், அவற்றுக்கு அடியில் சேறும் இலையும் அழுகியதுபோல் இன்னொரு வாடையும் ஏசி வழியாக உள்ளே வந்து அவள் முகத்தில் படிந்தன. தூணுக்குத் தூண் மங்கலான விளக்கு வந்து விலக, நிழல்கள் முன்கண்ணாடியில் ஏறி, கூரையைத் தடவி, பின்னிருக்கையில் போய் இறங்கின. பின்னால் ஏதோ முனகியது. உடைந்த ஸ்பிரிங்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மெதுவா… மெதுவா… உரசுது பாரு," என்றான் அவன், இடப்பக்கம் குனிந்து நடந்தபடி.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

அப்போது டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. டிங். டிங். டிங். பின்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு. இடது இருக்கை.

கண்ணாடியில் பார்த்தாள். இருக்கை காலி. ஆனால் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழியின் ஓரங்களில் ஈரம் கருமையாகப் பரவிக்கொண்டிருந்தது.

டிங். டிங்.

சென்சார் கெட்டுப்போயிருக்கும். ஸ்பிரிங்கே போயிருக்கிறது, சென்சார் போகாதா.

சரிவின் அடிவாரம் வந்துவிட்டது. மேலே பகல் வெளிச்சத்தில் டோயிங் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். குனிந்து காருக்குள் பார்த்தவர், வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

"அக்கா! பின்னாடி உக்காந்திருக்கவங்கள இறங்கச் சொல்லுங்க! வண்டி தாங்காது!"

கால் தானாக பிரேக்கை மிதித்தது.

முதுகுக்குப் பின்னால் பெல்ட் இழுபடும் ஓசை. நிதானமாக. நீளமாக.

க்ளிக்.

மணி நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"ஏங்க… உள்ள யாரோ இருக்காங்க."

ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தான். "யாரும் இல்லடி. அந்த ஆளுக்கு அங்கிருந்து என்ன தெரியும்? இரு, திறந்து காட்டுறேன்."

"திறக்காதீங்க! கதவத் தொடாதீங்க!"

திறந்துவிட்டான்.

க்ளிக்.

பெல்ட் கழன்று உள்ளே சுருண்டது. கார் எழும்பியது. பெருமூச்சு விட்டதுபோல், மெல்ல. அழுகிய வாடை விலகியது.

"பாத்தியா? இப்ப டயர்ல படவே இல்ல. கதவுதான் சரியா சாத்தல போலிருக்கு. போ, போ, நான் பின்னாலேயே வரேன்."

கதவைச் சாத்தினான். அவனுக்குக் கொஞ்சம் மூச்சிரைத்தது.

எதையும் யோசிக்காமல் காரைக் கிளப்பினாள். கார் பூப்போல ஏறியது. வெளிச்சம். தெரு. மரத்தில் காக்கைச் சத்தம். டோயிங் டிரைவர் ஜன்னலருகே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால், சரிவைப் பார்த்தார்.

"இறக்கி விட்டீங்க, சரிக்கா. அதுக்காக சார் ஏன் முதுகுல சுமந்துக்கிட்டு வராரு?"

கண்ணாடியில் பார்த்தாள்.

அவன் ஏறி வந்துகொண்டிருந்தான். இடுப்பு மடிந்து. இடது தோள் தாழ்ந்து. ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் நடுங்கியது. அவன் நடந்த தடத்தில் சேற்றுநீர் சொட்டியிருந்தது. ஏன் இப்படிக் களைப்பாக இருக்கிறதென்று புரியாதவனாக, அவளைப் பார்த்துச் சிரித்தான். கையசைத்தான்.

சட்டைக் காலர் பின்பக்கமாக இழுபட்டிருந்தது. தொண்டையின் இருபுறமும் தோல் உள்ளே அமுங்கியது.

விரல் விரலாக.