பாட்டின் நடுவில் ஒரு ‘தொம்’

மகத்தான பாடல்கள் மகத்தான வேதனையில்தான் பிறக்கின்றன. ‘வெடிக்காத விடியல்’ என்ற தீபாவளிப் பாட்டைப் பற்றிப் பேச வரும் அறிஞர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். போர் வேண்டாம் என்று கேட்கும் அந்தப் பாட்டின் நடுவில் இசை சட்டென்று நிற்கும். அந்த மௌனத்துக்குள் ஒரே ஒரு ‘தொம்’ கேட்கும். மானுடத்தின் மனசாட்சிக் கதவு தட்டப்படும் ஓசை அது என்று ஒரு விமர்சகர் எழுதினார். இல்லை, கடைசித் துப்பாக்கி மண்ணில் விழும் ஓசை என்று இன்னொருவர் மறுத்தார். இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

பாட்டு பிறந்ததோ வெலிமடையிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில்... ஒரு கட்டு லீக்ஸுக்கும் ஒரு கீபோர்டுக்கும் நடுவில்.

அன்று நல்ல மழை. ஜன்னல் கண்ணாடியில் மலைகள் கரைந்து வழிந்துகொண்டிருந்தன. தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி டீச்சர் நிஷாந்தினி, அத்தை கொடுத்துவிட்ட, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரன் தன் கீபோர்டைக் குறுக்கே போட்டிருந்தான். அதன் நுனி அவள் லீக்ஸை நசுக்கியது.

“கொஞ்சம் அங்கிட்டு தள்ளி வைங்க.”

“அங்கிட்டு தள்ளுனா கண்டக்டர் தான் வாசிக்கணும்...”

சிரித்தான். சிரித்தால் பாதி மூடிக்கொள்ளும் கண்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி... நிஷாந்தினி மழையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள். மழை அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

அவன் பெயர் தயாபரன். ‘இசைச் சக்கரவர்த்தி’ என்று போஸ்டரில் போட்டிருக்கும். போஸ்டர் அடித்தது அவனேதான். அவன் இசைக்குழுவில் மொத்தம் இரண்டு பேர். மற்றவன், பதுளை டவுனில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் ரிப்கான், பின்சீட்டிலிருந்து தட்டினான்.

“மச்சான், அந்தப் புது வெடிச் சத்தத்த ஒருக்கா போட்டுக் காட்டு.”

சக்கரவர்த்தி பட்டனை அழுத்தினார். டட்டட்டட்ட... டமார்.

அடுத்த நொடி நிஷாந்தினி சீட்டுக்கு அடியில் இருந்தாள். அவள் கைப்பிடியில் தயாபரனின் காலர் இருந்தது. காலரோடு தயாபரனும் இருந்தான். அவன் தலையை அவள் உள்ளங்கை தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. இருவர் கண்களும் முதன்முதலாக அவ்வளவு பக்கத்தில் சந்தித்தன... நடுவில் யாரோ ஒருவரின் செருப்பு.

“நான் என்னங்க பண்ணேன்?” என்று கிசுகிசுத்தான்.

“தலைய தூக்காதீங்க.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு இடம் நினைவு வந்தது. எழுந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

“வெளையாட்டுக்கு போடுற சத்தமா இது?”

“தீவாளி வெடி தானே...”

“வெடி இல்ல. நான் அந்தச் சத்தத்த கேட்டுருக்கேன்.”

மணியை அடித்து வழியில் ஹாலிஎலவிலேயே இறங்கிவிட்டாள். தகரக் கூரைக்கு அடியில் நின்ற பிறகுதான் கையில் லீக்ஸ் இல்லாதது தெரிந்தது. மழைக்குள் ஒருவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். கீபோர்டை ரிப்கானிடம் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான்.

“மன்னிச்சிருங்க.” மூச்சு வாங்கியது. “ஒண்ணு மட்டும் கேக்கலாமா? பயந்தா எல்லாரும் குனிவாங்க. என்னைய ஏன் இழுத்தீங்க?”

“பக்கத்துல இருக்கவங்கள விட்டுட்டு குனிஞ்சு பழக்கம் இல்ல.”

மெல்லச் சொன்னாள். தோட்டத்தில் பிழைக்க வழியில்லாமல் அப்பாவும் அம்மாவும் கிளிநொச்சிப் பக்கம் வயல் வேலைக்குப் போனது... அங்கேதான் அவள் பிறந்தது... சண்டையின் கடைசி மாதங்களில் பங்கருக்குள் கிடந்தது... அப்பாவை அங்கேயே பறிகொடுத்துவிட்டு, மறுபடி தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கே திரும்பியது. அன்றிலிருந்து தீபாவளி என்றால் அம்மா விஜயலெட்சுமி விடியலில் எண்ணெய் வைத்துக் குளிப்பாள். முதல் வெடி கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பொழுது சாயும் வரை வரமாட்டாள்.

“ஒரே ஒரு தீவாளிக்கு அம்மா வாசல்ல ஒக்காரணும். அதுக்குத்தான் புள்ளைகளுக்கு ஒரு பாட்டு எழுதிக்கிட்டு வாறேன்.”

“பாடுங்களேன்...”

“இங்கயா?”

“மழைக்கும் எனக்கும் தான் கேக்கும்.”

பாடினாள். தரையைப் பார்த்துக்கொண்டு.

*வெடிக்காத விடியல் ஒண்ணு வேணும் சாமி...*
*வெளக்கு மட்டும் பேசட்டும், கேட்கும் பூமி...*
*துவக்கெல்லாம் தூங்கட்டும், தொட்டில் ஆடட்டும்...*
*எங்கம்மா ஒரு தீவாளிக்கு வெளிய வரட்டும்...*

சக்கரவர்த்தி கட்டிப்பிடித்திருந்த லீக்ஸை அப்போதுதான் அவளிடம் நீட்டினான். பிறகு, “நான் வாசிக்கிறேன்,” என்றான். “காசு வேணாம்.”

அதன் பிறகு மாலை தவறாமல் முன்பள்ளியில் ஒத்திகை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அவன் சுருதி சரிபார்த்துக்கொண்டிருப்பான். சுருதி சரியாகத்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்...

தடை, தோட்டத்துத் தீபாவளி மேடைக்குச் செலவு செய்கிற வீரசிங்கம் உருவத்தில் வந்தது. தோட்டத்துத் தலைவர். ‘மலையகத்தின் மாபெரும் மாணிக்கம்’ என்று அவருடைய போஸ்டரில் இருக்கும். அவரும் சொந்தமாகத்தான் அடித்தார்.

“பாட்டு நல்லாருக்கு, தங்கச்சி. அந்த துவக்கு வரிய மட்டும் எடுத்துருங்க. சண்டை முடிஞ்சு எத்தன வருசமாச்சு, இன்னும் என்ன துப்பாக்கிப் பேச்சு. நல்ல நாளும் அதுவுமா... மேலிடத்துல என்ன நெனைப்பாங்க? அந்த எடத்துல ‘தலைவர் வாறாரு’னு ஒரு வரி போடுங்க. நானும் அந்த நேரம் பாத்து உள்ள வருவேன். வெடி கொளுத்துவாங்க.”

நிஷாந்தினி தயாபரனைப் பார்த்தாள். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

“ஒரு வரி தானே, டீச்சர்...”

அவ்வளவுதான். அவள் குடையை எடுத்தாள்.

“அந்த வரி இல்லாட்டி பாட்டும் இல்ல. தலைவர் மேடைய வச்சுக்கிறட்டும். நான் கோயில் மரத்தடியில நின்னு பாடுறேன். தாளம் இல்லாமலும் எனக்கு பாடத் தெரியும்.”

நடந்துவிட்டாள். மழை... கண்ணிலும் கொஞ்சம் மழை. துடைக்கவில்லை. துடைத்தால் அழுதது உண்மையாகிவிடும்.

தீபாவளிக்கு முந்தின நாள் அவன் லயத்து வாசலில் வந்து நின்றான். கீபோர்டைத் திருப்பிக் காட்டினான். வெடிச் சத்த பட்டன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்டர்.

“மரத்தடிக்கு கரண்டு வயர் இழுக்க ரிப்கான் சரின்னுட்டான். வீரசிங்கம் ஐயா இனிமே எங்களுக்கு புரோகிராம் தரமாட்டாராம்.”

“அப்ப என்ன செய்வீங்க?”

“அத பெறகு யோசிக்கலாம்... நீங்க அப்பிடி போனதத்தான் தாங்க முடியல.”

விடிந்தது. கோயில் மரத்தடியில் ஒரு பள்ளிக்கூட மேசை. மேசை மேல் கீபோர்டு. பிள்ளைகள், பெண்கள், மேடையை விட்டு இங்கே நகர்ந்துவந்த பாதித் தோட்டம். கடைசி வரிசைக் கதிரையில், காதைப் பொத்தத் தயாராக இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா.

துவக்கு வரிக்கு வரும்போது மலர்மாலையோடு வீரசிங்கம் வந்துசேர்ந்தார். அவருடைய ஆள் ஒருவன் நீளமான சரவெடியைத் தரையில் உருட்டிவிட்டு நெருப்பை வைத்தான். திரி புகைந்தது. அம்மா கதிரையிலிருந்து பாதி எழுந்தாள்.

நிஷாந்தினியின் முழங்கால் மடங்கப் பார்த்தது. ‘குனியாதே... நீ குனிஞ்சா அம்மா உள்ள போயிரும்.’ மைக்கை இறுக்கிப் பிடித்தாள். நின்றாள்.

கீபோர்டு நின்றுபோனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு ‘தொம்’. அதைத் தவிர ஒரு கணம் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிப்போன சரவெடி, ஒருமுறை சீறிவிட்டு அணைந்தது.

அந்த மௌனத்துக்குள் அவள் கடைசி வரியைப் பாடினாள். தாளமில்லாமல், தனியாக. அம்மா நின்று பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

‘எனக்காகத்தான் வாசிக்கிறத நிறுத்தினாரு...’ நெஞ்சு நிறையத் திரும்பினாள். கீபோர்டுக்குப் பின்னால் யாருமில்லை. சேலைத் தலைப்பை யாரோ கீழே இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள்.

மேசைக்கு அடியில் தயாபரன். கையில் அவள் தலைப்பு.

“பக்கத்துல இருக்கவங்கள விட்டுட்டு குனியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இழுத்து இழுத்துப் பாத்தேன்... நீங்க வரல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“டீச்சர்... இனி எங்க குனிஞ்சாலும் ஒங்க கூடத்தான் குனியணும். நிமுந்தாலும் ஒங்க கூடத்தான். சம்மதமா?”

“மொதல்ல எந்திரிங்க. அம்மா பாத்துக்கிட்டு இருக்கு.”

“அம்மாகிட்ட என்ன சொல்றது?”

“எனக்கு சம்மதம்னு சொல்லுங்க...”

ரிப்கான் போனில் பிடித்த அந்தப் பாட்டுதான் இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் வானொலியில் வருகிறது. நடுவில் அந்த மௌனம். மௌனத்தின் நடுவில் அந்த ‘தொம்’.

அது, குனிகிற அவசரத்தில் தயாபரனின் நெற்றி மேசை விளிம்பில் இடித்த சத்தம்.