மூவாயிரம் சுவர்களுக்கு ஒரு மேகம்

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நாஜியாதான். வகுப்பில் பதினோரு பேரிடம் அதைச் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டாவதாக, பக்கத்தில் உட்காரும் அழகுமீனாவிடம் சொல்ல வேண்டும்.

நாஜியாவின் அத்தா நாகூர் கனி சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர். நாகப்பட்டினத்து ஜவுளிக்கடை ஒன்று மூவாயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தது.

"அட்டைக்கு எந்தப் படம் போடலாம்? நீயே பாத்துச் சொல்லும்மா" என்று அத்தா ஆறு படங்களை மேசையில் பரப்பினார்.

ஆறாம் வகுப்பு நாஜியா யோசிக்கவே இல்லை. ஒன்றைத் தொட்டாள். கடற்கரை, வரிசையாகத் தென்னைகள், மேலே கன்னங்கரேலென்று திரண்ட மழைமேகம்.

"அடேயப்பா, பாத்தாலே மனசு குளுருதே!" என்றார் அத்தா.

வெயில் காயும் ஊர் அது. மேகம் கூடினால் தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும். பட்டாசு காயவைத்தவர்கள் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள்.

படத்தை மாதிரிக்கு அச்சடித்த புரூஃப் தாளை நாஜியா வகுப்பில் பெஞ்சின் மேல் விரித்தாள்.

"உங்க ஊருக்குத்தான் போகுது. நான் எடுத்த படம்!"

அழகுமீனா இந்த ஜூனில்தான் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏ, என்னா? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பெறகு ஏன் கவுத்துற?"

"கஜா புயல் வந்தப்ப எனக்கு நாலு வயசு. ஓடு பறந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. எங்க தென்னை அத்தனையும் சாஞ்சிருச்சு." அவள் நகத்தைக் கிள்ளினாள். "இப்பவும் மேகம் இப்படிக் கறுத்தா, அம்மா ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டையும் பாலித்தீன் பையில போட்டுக் கட்டிடும். போன வாரம் இங்க தூறுச்சே, அன்னிக்கும் கட்டுச்சு."

"அந்தத் தூறலுக்கா?" நாஜியாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

மூவாயிரம் சுவர். தினம் காலையில் தேதி கிழிக்கும்போது அந்த மேகம். ஒரு வருடம் முழுக்க.

தன் படம் வேண்டாம் என்று தானே போய்ச் சொல்ல வேண்டும். பதினோரு பேரிடம் பீற்றிக்கொண்ட வாய்க்கு அது கொஞ்சம் கசந்தது.

மாலையில் இருவரும் அச்சகத்துக்குப் போனார்கள்.

"அத்தா, அந்தப் படம் வேண்டாம். அந்த ஊர்க்காரங்களுக்குப் பயமா இருக்கும்."

"நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்தணும்! நாகப்பட்டினத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? என் பேரே நாகூர் கனி!"

"எத்தன தடவ போயிருக்கீக?"

"ஒரு தடவ. மொட்டை போட. ஒரு வயசுல."

மெஷின் ஓட்டும் அன்வர் குலுங்கிச் சிரித்தார்.

"மேகம்னா பரக்கத்து, ஆண்டவன் தர்ற வளம்மா" என்றார் அத்தா. "அதப் பாத்து யாரு பயப்படுவா?"

நாஜியா சற்று யோசித்தாள்.

"அத்தா, நம்ம ஊரு காலண்டர்ல, பட்டாசுக் கம்பெனிப் பக்கம் கரும்புகை கெளம்புற மாதிரி படம் போடுவீகளா?"

அன்வரின் சிரிப்பு நின்றது. அந்த ஊரில் கரும்புகை எழுந்தால் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தத் திசை என்றுதான் கேட்பார்கள்.

அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். இப்போது அது அவருக்கும் மேகமாகத் தெரியவில்லை.

"சரிம்மா. வேற எதப் போட?"

மீதி ஐந்து படங்களை நாஜியா தொடவில்லை. அழகுமீனா பக்கம் திரும்பினாள். "உங்க ஊர்ல, எதப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு தோணும்?"

அழகுமீனா வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் போனோடு வந்தாள்.

அவள் சித்தப்பா அனுப்பிய படம். கழுவிவிட்ட மாதிரி நீலவானம். குட்டையான தென்னை. அதில் ஒரு குலை. எக்கி நின்று அதைத் தொடும் ஒரு வாண்டு.

"புயலுக்கு அப்புறம் வச்ச கன்னு, மாமா. இந்த வருசம்தான் மொதல்ல காய்ச்சுச்சு. எங்க தெருவுல இதே மாதிரி நாப்பது நிக்குது!" அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நாஜியா கேட்டதே இல்லை.

அத்தா அதைக் கடைக்காரருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"இதையே போடுங்க, பாய். கடைப் பேர மட்டும் மரத்து மேல அடிச்சுடாதீங்க."

அன்வர் புதுப் புரூஃப் எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். படம் சரி என்பவர் அங்கே கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அத்தா பேனாவை நாஜியாவிடம் நீட்டினார். நாஜியா வாங்கி அழகுமீனாவிடம் கொடுத்தாள்.

அவள் செ. அழகுமீனா என்று எழுதினாள். ஒரு நொடி நின்று, நாகப்பட்டினம் என்றும் சேர்த்தாள். எழுத்து கட்டத்தைத் தாண்டி, தென்னையின் தூர் வரை போய்விட்டது.

"கட்டத்துக்குள்ள அடங்கலையேம்மா" என்றார் அன்வர்.

"ஊரு பெருசுல்ல, மாமா" என்றாள் அழகுமீனா.